பெட்டகத்துப் புத்தகத்தை நெட்டில் ஏற்றுமுன்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு காப்புரிமை வழிகாட்டி

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டை முழுதாகத் திறப்பது கல்யாணத்துக்கு, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு, இல்லையென்றால் பாகம் பிரிக்க. அப்போதுதான் இரண்டாங்கட்டு அறையில் கிடக்கும் பெட்டகம் கண்ணில் படும். பித்தளைச் சாமான்களுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும்: ரங்கூனில் அச்சான இதழ், பினாங்கிலிருந்து வந்த கடிதங்கள், திருவாசக உரை ஒன்று, யாரோ ஒரு பெரியவரின் மணிவிழா மலர், அட்டையில் ஒட்டிய குடும்பப் படங்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் கைபேசியை எடுத்துக்கொண்டு, "ஆச்சி, இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல போட்ருவமா?" என்று கேட்பார். ஆச்சிக்குச் சந்தோஷம். பெரியப்பா மட்டும், "அதெல்லாம் நம்ம ஐயா சொத்து, வெளியில விடக்கூடாது" என்பார்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெரியப்பாவும் படிக்கலாம். நம் பக்கத்தில் இந்த விஷயம் தலைகீழாக நடக்கிறது. உரிமைக்காலம் எப்போதோ தீர்ந்துபோன நூலைப் பூட்டி வைத்துக் கறையானுக்குக் கொடுக்கிறோம். அதே வீட்டுப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில், போன வருடம் வெளியான நாவலின் பிடிஎஃப் காலை வணக்கத்தோடு வந்து விழுகிறது. முதலாவது சட்டப்படி எல்லாருக்கும் பொது. இரண்டாவதற்குப் பெயர் திருட்டு.

முதல் படி: எடுப்பது வேறு, ஏற்றுவது வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வேலை தொடங்காமலே நின்றுபோகிறது. உங்கள் வீட்டுப் புத்தகத்தை உங்கள் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் நியாயமான அளவில் பிரதி எடுத்துக்கொள்ள 1957-ம் ஆண்டு காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதைப் பொதுவில் போடும்போதுதான் யாருடைய உரிமை என்ற கேள்வி வருகிறது. ஆகவே முதலில் படம் எடுங்கள். வீடு கைமாறினால் காகிதம் எடைக்குப் போய்விடும். சட்டத்தைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) நேர் வெயில் விழாத பக்கம் தேடி உட்காருங்கள். அங்கே கிடைக்கும் காலை வெளிச்சம் போல எந்த விளக்கும் தராது. முதுகு உடைந்த புத்தகத்தை விரித்து அழுத்தாதீர்கள். இருபுறமும் துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, பாதி திறந்த நிலையிலேயே ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் பசை பழுத்து எழுத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது.

அட்டை, முகப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் இந்த நான்கையும் கட்டாயம் எடுங்கள். அச்சகம், ஊர், வருடம், பதிப்பு, விலை, "ரிஜிஸ்டர் செய்யப்பட்டது" என்ற வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். பலர் உள்ளே இருக்கும் பாட்டை மட்டும் எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு அது யாருடைய நூல் என்றே தெரியாமல் போகும்.

இன்னொன்று. "ரிஜிஸ்டர்டு காப்பிரைட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதிவு செய்ததால் உரிமை ஒரு நாள்கூட நீளாது. பதிவு செய்யாததால் குறையவும் குறையாது.

இரண்டாம் படி: எழுதியவர் எப்போது காலமானார்?

புத்தகத்தின் வயதைப் பார்க்காதீர்கள், எழுதியவரின் மறைவைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு நூலின் உரிமை ஆசிரியர் வாழும்வரையும், அவர் காலமான மறு ஆண்டு ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகளும் இருக்கும். 1992 வரை இது 50 ஆண்டாக இருந்தது. சுருக்குக் கணக்கு: நடப்பு ஆண்டிலிருந்து 61-ஐக் கழியுங்கள். அந்த வருடமோ அதற்கு முன்போ ஆசிரியர் காலமாகியிருந்தால் நூல் பொதுவுக்கு வந்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்வோம். மகிபாலன்பட்டி பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1953-ல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை 2013 டிசம்பரோடு தீர்ந்தது. அவருடைய திருவாசக உரை உங்கள் பெட்டகத்தில் இருந்தால் யாரையும் கேட்காமல் ஏற்றலாம். சிறுகூடல்பட்டி கண்ணதாசன் மறைந்தது 1981-ல். ஊர் முழுக்க அவர் பாட்டுத்தான் என்றாலும், 2041 முடியும்வரை அவருடைய எழுத்து அவருடைய உரிமைதாரர்களுக்கு உரியது. 'நம்ம ஊர்க் கவிஞர்' என்ற பாசம் சட்டத்தில் செல்லாது.

மறைந்த வருடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நினைவு மலர், தர்மம் செய்த மடத்துக் கல்வெட்டு, வீட்டில் திதி குறித்து வைத்த நோட்டு என்று தேடவேண்டும். அவற்றில் பெரும்பாலும் தமிழ் வருடப் பெயர்தான் இருக்கும். இங்கே ஒரு வசதி உண்டு. தமிழ் வருடச் சக்கரமும் 60, உரிமைக்காலமும் 60. ஒருவர் எந்த வருடத்தில் காலமானாரோ அதே பெயர் வருடம் மறுபடி சுற்றி வரும்போது உரிமை தீர்கிறது. பண்டிதமணி போனது விஜய வருடம் ஐப்பசி வாக்கில். 2013 ஏப்ரலில் பிறந்த அடுத்த விஜய முடிவதற்குள் அவர் நூல்கள் பொதுவாகிவிட்டன. மார்கழி பிற்பாதியிலிருந்து பங்குனிக்குள் போனவர்களுக்கு மட்டும் ஆங்கில வருடம் மாறிவிடுவதால் ஒரு வருடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வசதியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. வெறும் 'விஜய வருடம்' என்றால் அது 1953 ஆகவும் இருக்கலாம், 1893 ஆகவும் இருக்கலாம். பேரன் யார், அச்சகம் எது, எந்த ஊர்க் கொண்டுவிக்கல் (வெளியூர்த் தொழில்) என்று பக்கத்து ஆதாரத்தை வைத்துத்தான் முடிவு கட்டவேண்டும். ஆசிரியர் பெயரே இல்லாத நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 எண்ணுங்கள். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாகப் போனவரைக் கணக்கில் எடுங்கள்.

மூன்றாம் படி: ஒரே அட்டைக்குள் எத்தனை பேர்?

மாணிக்கவாசகருக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் திருவாசகப் பதிப்பில் மூலத்தோடு உரை இருக்கும், முன்னுரை இருக்கும், சில சமயம் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுதியவரின் மறைவைத் தனித்தனியே பார்க்கவேண்டும். மூலமும் உரையும் பொதுவாகி, 1990-ல் சேர்த்த முன்னுரை மட்டும் உரிமையோடு நிற்பது சாதாரணம். அந்தப் பக்கங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றுங்கள், அவ்வளவுதான்.

இதழ்கள் இன்னும் சிக்கல். காரைக்குடியில் 1920-களிலும் 30-களிலும் வந்த 'ஊழியன்' போன்ற இதழில் ஒரே மலரில் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். இதழாசிரியர் போய் 60 ஆண்டு ஆகிவிட்டது என்று மொத்தமாக ஏற்ற முடியாது. பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போகவேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் செட்டிநாட்டின் நூற்றாண்டு இந்த இதழ்களில்தான் இருக்கிறது என்பதால் அந்தச் சலிப்பு தகும்.

ஒரே பாட்டுக்குள் உரிமை எப்படிப் பிரிந்து நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே கதை உண்டு. பாரதி 1921-ல் மறைந்தார். அவர் பாடல்களை அச்சிடும் உரிமை ஓரிடத்தில் இருக்க, இசைத்தட்டாகவும் படத்திலும் ஒலிக்கவைக்கும் உரிமை காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் (ஏவிஎம் படத் தயாரிப்பாளர்) இருந்தது. அவர் அதை விலை கொடுத்து வாங்கியிருந்தார். வேறொரு படத்தில் பாரதி பாட்டு வந்தபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தார்கள். கடைசியில் மெய்யப்பச் செட்டியார் பணம் வாங்காமல் தன் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1949-ல் பாரதியின் படைப்புகளை அரசு பெற்றுக்கொண்டது. பிறகு அவை எல்லாருக்கும் பொதுவாயின. அவர் தன் உரிமையில் விடாப்பிடியாக நின்றிருந்தாலும் சட்டப்படி தப்பில்லை என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

இன்றும் இதே பிரிவுதான். பாரதியின் வரி பொது. அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவு வெளியான ஆண்டிலிருந்து தனியாக 60 ஆண்டு உரிமை கொண்டது. 1947-ல் வந்த ஒலிப்பதிவு பொதுவாகிவிட்டது. 1995-ல் வந்தது ஆகவில்லை. கல்யாண வீடியோவுக்குப் பின்னணி வைத்து யூடியூபில் ஏற்றும்போது 'பாரதி பாட்டுத்தானே' என்று சொல்லித் தப்ப முடியாது.

நான்காம் படி: நாட்டுடைமையா என்று பாருங்கள்

60 ஆண்டு ஆகாவிட்டாலும் பொதுவாகிவிடும் வழி இது ஒன்று. தமிழ்நாடு அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கனார் அந்தப் பட்டியலில் இருக்கிறார். 1989-ல் மறைந்தவர் என்றாலும் அவர் நூலை இன்றே எவரும் அச்சிடலாம். பட்டியலும் நூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கும். உங்கள் புத்தகம் ஏற்கெனவே அங்கே நல்ல பிரதியாக இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் மிச்சம்.

ஐந்தாம் படி: கடிதம், கணக்கு, படம்

கையில் இருப்பது அச்சுப் புத்தகமாக இல்லாவிட்டால் விதி மாறுகிறது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

பினாங்கிலிருந்து உங்கள் ஐயாவுக்கு வந்த கடிதத்தின் காகிதம் உங்களுடையது. அதில் எழுதியிருப்பது அனுப்பியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. எழுதியவர் உயிரோடு இருந்தபோது வெளிவராத எழுத்து அவர் மறைவுக்குப் பின் முதன்முதலாக வெளியானால், வெளியான ஆண்டிலிருந்துதான் 60 எண்ணத் தொடங்கும். 'நூறு வருஷப் பழசு' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. எழுதியவரின் குடும்பத்தைக் கேட்காமல் கடிதத்தை ஏற்றாதீர்கள்.

வட்டிக்கடைக் கணக்கேடு, மொய் ஏடு, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த ஏடு) போன்றவற்றில் காப்புரிமையைவிட மானம் பெரிய விஷயம். யார் எவ்வளவு கடன்பட்டார், எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன சீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பெயர்களின் பேரன்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். சட்டம் அனுமதித்தாலும் நான் பெயரை மறைத்துத்தான் போடுவேன். ஆராய்ச்சியாளருக்கு வேண்டுமென்றால் நேரில் வந்து பார்க்கட்டும்.

படத்தில் சட்டம் நமக்குச் சாதகம். காசு கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. ஐயா ரங்கூன் ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் குடும்பத்துடையது. இன்றைய கல்யாண ஆல்பமும் அப்படியே. ஆனால் போட்டோகிராபர் நீட்டும் ஒப்பந்தத்தில் உரிமை தனக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் படியுங்கள். 1919-ல் பாரதி காரைக்குடிக்கு வந்தபோது எடுத்த படங்கள் போன்றவை எப்போதோ பொதுவாகிவிட்டன. ஆனால் அதை வைத்து இன்று ஒருவர் வண்ணம் சேர்த்து வரைந்த ஓவியம் அவருடையது.

'எங்க வீட்டு முகப்பைப் படமெடுத்து யூடியூபில் போட்டுச் சம்பாதிக்கிறாங்க' என்ற புலம்பலும் அடிக்கடி கேட்கிறது. தெருவில் நின்று கட்டடத்தைப் படமெடுப்பது காப்புரிமை மீறலில் வராது. வாசல்படி தாண்டி உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். விடும்போதே நிபந்தனையை எழுதி வாங்குங்கள்.

ஆறாம் படி: உரிமை மிச்சமிருந்தால் கேளுங்கள்

காப்புரிமையும் சொத்து போலத்தான் வாரிசுகளுக்கு இறங்கும். பொது வீட்டுக்குப் பதினாறு பங்காளி இருப்பது போல உங்கள் ஐயா எழுதிய நூலுக்கும் பதினாறு பேர் இருக்கலாம். ஒருவர் தலையாட்டினால் போதாது. எல்லாரும் கையெழுத்திடுவதே பாதுகாப்பு. அதற்கு முன், அவர் காலத்திலேயே பதிப்பகத்துக்கு முழு உரிமையும் எழுதிக்கொடுத்துவிட்டாரா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் கேட்கவேண்டிய இடம் பதிப்பகம்.

வாய்ப்பேச்சு அனுமதி செல்லாது, எழுத்தில் வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இணையம் இந்தியாவோடு நிற்காது. ஆகவே இப்படி எழுதி வாங்கலாம்:

"……… எழுதிய ……… என்ற நூலின் காப்புரிமை வாரிசுகளாகிய நாங்கள், அந்நூலை முழுமையாக ஸ்கேன் செய்து, உலகம் முழுவதும் எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பதிவிறக்கவும் ஏதுவாக இணையத்தில் வெளியிட, காப்புரிமைக் காலம் முடியும்வரை ……… அவர்களுக்கு அனுமதி அளிக்கிறோம். இது அவருக்கு மட்டுமான தனி அனுமதி அல்ல. அச்சிட்டு விற்கும் உரிமை எங்களிடமே இருக்கும்."

கடைசி வரியைச் சேர்த்தால் பாதிப் பெரியவர்கள் உடனே இறங்கி வருவார்கள். அவர்கள் பயமெல்லாம் யாரோ அச்சுப்போட்டு விற்றுவிடுவான் என்பதுதான்.

வாரிசே அகப்படவில்லை என்றால்? சட்டத்தின் 31ஏ பிரிவில் இதற்கென்று விண்ணப்பித்து உரிமம் பெறும் வழி இருக்கிறது. விளம்பரம் கொடுத்து, கட்டணம் கட்டி, காத்திருந்து முப்பது பக்கச் சிறுநூலை ஏற்றுவதற்கு அது யானை கட்டிப் போரடிக்கிற வேலை. ஆள் தெரியாத இத்தகைய நூல்களுக்கு 60 ஆண்டு மிக நீளம் என்பது என் கருத்து. கறையான் அவ்வளவு காலம் பொறுக்காது. ஆனாலும் என் கருத்தை வைத்து இன்னொருவர் உரிமையை மீற முடியாது. நூலின் விவரத்தை மட்டும் பட்டியலாக வெளியிடுங்கள், பிரதியை ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா கோட்டையூரில் சேர்த்து வைத்த நூல்களை, 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நடக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுதான் அடித்தளம்.

ஏழாம் படி: ஏற்றுதல்

நூல்களை இலவசமாக ஏற்றி வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் புதியவர்களுக்கு எளிது. விக்கிமீடியா காமன்ஸில் அமெரிக்கச் சட்டத்தையும் பார்ப்பார்கள். அங்கே பழைய நூல்களுக்குப் பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுக் கணக்கு. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், வருடம் எல்லாம் தமிழிலேயே போடுங்கள். குறிப்பில் "ஆசிரியர் மறைவு 1953, இந்தியாவில் காப்புரிமை 2013 இறுதியில் முடிந்தது" என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்து வருபவர் மறுபடி தேடவேண்டாம். பொதுவாகிவிட்ட நூலின் மேல் உங்கள் பெயரை வாட்டர்மார்க்காக அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், பார்க்கச் சகிக்கவில்லை.

எட்டாம் படி: குழுவில் வந்த பிடிஎஃப்

வாழும் எழுத்தாளரின் நூல், கடையில் கிடைக்கும் நூல், பிடிஎஃபாக வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதி விற்றாலே பெரிது. அதில் எழுதியவருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம். ஐந்நூறு பேர் இருக்கும் ஒரு குழுவில் ஒருமுறை பகிர்ந்தால் ஒரு பதிப்பே போய்விடுகிறது.

'நான் காசு வாங்கலையே' என்பது பாதி சமாதானம். ஆதாயம் இல்லாவிட்டால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றம் குற்றம்தான். சட்டத்தில் உள்ள அளவு 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தியேட்டரில் படத்தைக் கைபேசியில் எடுத்துப் பரப்புகிறவர்களுக்கு 2023 திருத்தம் இன்னும் கடுமை: குறைந்தது 3 மாதம் சிறை, 3 லட்சம் அபராதம்.

'மலேசியாவுல இருக்கேன், இங்க கிடைக்கலை' என்பதில் நியாயம் இருக்கிறது. பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள், மின்நூலாக வாங்கப் பாருங்கள், ஊருக்கு வருபவரிடம் சொல்லிவிடுங்கள். ஊறுகாயும் முறுக்கும் கடல் தாண்டிப் போகிற வீட்டில் ஒரு புத்தகம் போகாதா? பதிப்பில் இல்லாத நூல் என்றாலும் உரிமை இருக்கும்வரை அது பொது ஆகாது. விமர்சனத்தில் மேற்கோள் காட்டலாம், ஆசிரியர் வகுப்பில் பாடத்துக்காகப் பிரதி எடுக்கலாம், பார்வையற்றவர் படிக்கும் வடிவில் மாற்றித் தரலாம். இவற்றுக்குச் சட்டமே கதவு திறந்து வைத்திருக்கிறது.

யாராவது ஆட்சேபித்தால்

எல்லாம் பார்த்து ஏற்றியபிறகும் ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர், "அது எங்க ஐயா எழுதுனது, யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று கூப்பிடலாம். வாதாடாதீர்கள். முதலில் அந்தக் கோப்பை மறைத்துவிட்டு, பிறகு உங்கள் கணக்கைக் காட்டுங்கள். முறையான புகார் தளத்துக்குப் போனால் அவர்கள் 36 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. அழைத்தவரிடம் ஆசிரியர் மறைந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டுப் பெட்டகத்தில் அதே ஆசிரியரின் வேறு நூல் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.